வரப்பு தாண்டும் நோய்

நெற்பயிருக்கும் வைரஸ் நோய்கள் வரும். அவற்றையும் பூச்சிகளே சுமந்து சென்று பரப்புகின்றன. சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழே சிவப்பிலோ மஞ்சளிலோ டெங்கிப் பதாகை தொங்குவதைப் பார்த்தே வளர்கிறவர்கள் அவர்கள். பூந்தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்கக்கூடாது, துணி காயவைக்கும் மூங்கில் கழிகளைச் செருகும் குழாய்களை மூடிவைக்க வேண்டும் என்பதெல்லாம் தொடக்கப்பள்ளி மாணவருக்கும் தெரியும். கொசு நோயை உண்டாக்குவதில்லை. ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறது. இது விளங்கிவிட்டால் நெல்வயலில் நடப்பதில் பாதி விளங்கிவிடும். மற்றப் பாதியைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். ஏனென்றால் நாம் மூன்று வேளையும் உண்ணும் சோறு அந்தப் பாதியில்தான் அடங்கியிருக்கிறது.

நெல் வைரஸ்களைப் பரப்புவதில் முதலிடம் தத்துப்பூச்சிகளுக்கு. அரிசி மணியைவிடச் சிறியவை. பச்சைத் தத்துப்பூச்சி இலைகளில் இருக்கும், தொட்டால் துள்ளும். புகையான் என்ற இன்னொரு வகை தூரின், அதாவது பயிர்க்குத்தின், அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்திருக்கும். குனிந்து பயிரை விலக்கிப் பார்த்தால்தான் கண்ணில் படும். வெண்முதுகுத் தத்துப்பூச்சி என்று இன்னொன்றும் உண்டு. இவை எதுவும் இலையைக் கடித்துத் தின்பதில்லை. ஊசி போன்ற வாயைப் பயிரின் சாறு ஓடும் குழாய்வரை செலுத்தி உறிஞ்சுகின்றன. வைரஸ் பெருக உயிருள்ள செல் வேண்டும். இலையை மென்று குதறும் புழுவைவிட, செல்லை அதிகம் சிதைக்காமல் உள்ளே நுழையும் இந்த ஊசி வாய் வைரஸுக்கு மிகவும் தோதானது. ஆப்பிரிக்காவில் மட்டும் வண்டுகள் பரப்பும் மஞ்சள் தேமல் நோய் ஒன்று உண்டு. 1966-இல் கென்யாவில் கண்டது. நம் ஆசியாவில் பெரும்பாலும் உறிஞ்சும் கூட்டத்தின் வேலைதான்.

பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலேசிய விவசாயிகள் 'பெஞாகிட் மேரா' என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்த செந்நோயும் இதுதான் என்று 1960-களில் தெரியவந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வங்காளத்திலும் இது வந்து போகிறது. இலை நுனியிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம் கீழே இறங்கும். பயிர் குட்டையாகும், தூர் கட்டாது, பூப்பது தள்ளிப்போகும், கதிரில் பாதி பதராகும். இளம்பயிரில் தாக்கினால் அறுக்க ஒன்றும் மிஞ்சாது.

இந்த ஒரே நோய்க்குள் இரண்டு வைரஸ்கள் இருக்கின்றன. ஒன்று குச்சி வடிவம், மற்றது கோள வடிவம். பயிரைக் குட்டையாக்கி மஞ்சளாக்குவது பெரும்பாலும் குச்சி வைரஸ்தான். ஆனால் அதனால் தனியாகப் பச்சைத் தத்துப்பூச்சியின் வாயில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்ய முடியாது. கோள வைரஸ் துணைக்கு இருந்தால் மட்டுமே அது அடுத்த பயிருக்குப் போகும். கோள வைரஸோ தனியாகவே பயணம் செய்யும். அது மட்டும் தொற்றினால் பயிரில் பெரிய அடையாளம் எதுவும் தெரியாது. பச்சையாக, செழிப்பாக நிற்கும் வயலுக்குள் கோள வைரஸ் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். குச்சி வைரஸ் எங்கிருந்தோ வந்து சேரும் நாளில் அதைச் சுமந்து செல்ல எல்லாம் தயாராக இருக்கும். வயலைக் கண்ணால் பார்த்து நோய் இல்லை என்று முடிவு செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

துங்ரோ பரவும் வேகமும் கவனிக்க வேண்டியது. நோயுற்ற பயிரில் பூச்சி அரை மணி நேரம் உறிஞ்சினாலே போதும். அடுத்த பயிரில் சில நிமிடங்களிலேயே நோயைக் கொடுத்துவிடும். வைரஸ் பூச்சியின் வாய்ப்பகுதியில் மட்டுமே தங்குகிறது, உடலுக்குள் பெருகுவதில்லை. சில நாட்களில் அந்தப் பூச்சி நோய் பரப்பும் ஆற்றலை இழந்துவிடும். இளம்பூச்சி தோலுரித்தாலும் வைரஸ் அந்தத் தோலோடு போய்விடும். மீண்டும் நோயுற்ற பயிரில் உறிஞ்சினால்தான் மறுபடியும் பரப்ப முடியும். அப்படியானால் நோயின் இருப்பிடம் பயிர்தான். வயலில் ஆண்டு முழுவதும் பச்சை இருந்துகொண்டே இருந்தால் துங்ரோ சாகாது. அறுவடைக்குப் பின் தாளில் முளைக்கும் மறுதாம்பும், முளைத்துக் கிடக்கும் சிந்திய நெல்லும் அதற்கு வீடு. அறுத்தவுடன் உழுது மடக்க வேண்டும் என்று வேளாண் அலுவலர்கள் சலிக்காமல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வேறு சில வைரஸ்கள் இதற்கு நேர்மாறு. புகையான் பரப்பும் புல்தன்மைக் குட்டை நோயும் கிழிந்த இலைக் குட்டை நோயும் பூச்சியின் குடலைத் துளைத்து, உடல் நீரில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிவரை போகின்றன. பூச்சியின் உடலுக்குள்ளேயே பெருகுகின்றன. இதற்குப் பல நாட்கள் பிடிக்கும். ஆனால் ஒருமுறை ஏறிவிட்டால் அந்தப் பூச்சி சாகும்வரை பரப்பிக்கொண்டே இருக்கும். ஏடிஸ் கொசுவுக்குள் டெங்கி வைரஸ் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

பயிர்நோய்க்கும் பூச்சிக்கும் தொடர்பு உண்டு என்பதை முதலில் கண்டவர்களில் ஒருவர் விஞ்ஞானி அல்லர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானின் ஷிகா மாநிலத்தில் ஹாட்சுசோ ஹாஷிமோட்டோ என்ற நெல் விவசாயி, தம் பயிர் குட்டையாவதற்கும் தத்துப்பூச்சிக்கும் தொடர்பு இருப்பதைச் சோதித்துக் காட்டினார். வைரஸ் என்றால் என்னவென்றே உலகுக்குச் சரியாகத் தெரியாத காலம் அது. பிறகு 1933-இல் தெய்கிச்சி ஃபுகுஷி என்ற ஆய்வாளர், நெல் குட்டை வைரஸ் தாய்ப்பூச்சியின் முட்டை வழியாகவே குஞ்சுகளுக்குப் போகிறது என்று நிறுவினார். நோயுற்ற பயிரை ஒருமுறைகூடத் தொடாத குஞ்சு, பிறக்கும்போதே நோயைச் சுமந்து வருகிறது. முட்டைக்குள் அது எப்படி நுழைகிறது என்பது அண்மைக் காலத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. தத்துப்பூச்சியின் உடலில் சல்சியா என்ற பாக்டீரியா தொன்றுதொட்டுக் குடியிருக்கிறது. சாற்றில் கிடைக்காத சத்துகளைப் பூச்சிக்குத் தயாரித்துக் கொடுப்பது அதுதான். தலைமுறை தலைமுறையாக முட்டைக்குள் செல்ல அதற்கு வழி உண்டு. வைரஸ் அந்தப் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு அதே வழியில் உள்ளே போய்விடுகிறது.

மன்னார்குடிப் பக்கம் என் தாய்மாமா இன்னும் நெல் பயிரிடுகிறார். போன சம்பாப் பருவத்தில் புகையான் ஏறியபோது தொலைபேசியில் நீண்ட நேரம் பேசினோம். மருந்து அடித்தும் நிற்கவில்லை என்றார்.

"முதலில் அடித்ததும் குறைந்ததா மாமா?"

"ஒரு வாரம் குறைந்தது தம்பி. அப்புறம் இரண்டு பங்காக ஏறிவிட்டது."

"சிலந்தி இருக்கிறதா?"

"முன்பெல்லாம் தூருக்குத் தூர் ஓடும். இப்போது காணோம்."

அந்தப் பதிலிலேயே முழுக் கதையும் இருக்கிறது. புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. பல மருந்துகள் அங்கே போய்ச் சேராது. மருந்து பட்டால் வெளியே இருக்கும் பூச்சி சாகும். அதைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தி சாகும். முட்டையைத் தேடி உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் சாகும். ஒரு வாரம் கழித்து முட்டை பொரிக்கும்போது குஞ்சுகளுக்கு எதிரி எவரும் இல்லை. சிலவகை மருந்துகள், குறிப்பாகச் செயற்கைப் பைரித்திராய்டுகள், இந்த மறு எழுச்சியைத் தூண்டிவிடுவதில் பெயர்போனவை. துங்ரோவிலோ வேறு சிக்கல். மருந்து பட்ட பூச்சி மயங்கி விழும் முன்பே உறிஞ்சி, கொடுத்து, நோயைச் சேர்த்துவிடுகிறது. நாற்றங்காலைக் காக்க அளவாக மருந்து பயன்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. பூ வரும்வரை பத்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கும் பழக்கத்தை எதிர்க்கிறேன்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. ஆனால், "நீ சொல்வது சரிதான். மேல்வரப்புக்காரர் அடித்த மறுநாள் பூச்சியெல்லாம் என் வயலில் வந்து நிற்கிறதே, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மருந்துக் கடைக்காரர் சொல்லும் சமாதானத்தைவிட இந்தப் பயம்தான் மருந்தை அதிகம் விற்கிறது.

தனி ஒருவரின் துணிவால் இதைத் தீர்க்க முடியாது. இந்தோனீசியாவில் 1980-களில் புகையான் திரும்பத் திரும்பப் பெருகியது. அங்கே பூச்சிமருந்து விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. மருந்து மலிவாகக் கிடைத்ததால் தாராளமாகத் தெளித்தார்கள். 1986-இல் அதிபர் சுகார்த்தோ ஒரே ஆணையில் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தார். மானியமும் படிப்படியாக விலக்கப்பட்டு 1989-இல் நின்றது. விவசாயிகள் வயலுக்குள் இறங்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விளைச்சல் குறையவில்லை. நெல் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் இது ஒன்று. பூச்சியைக் கொல்வதை நிறுத்தினால் பூச்சி குறையும் என்று ஓர் அரசாங்கம் நம்பத் துணிந்தது.

வியட்னாமின் மெக்கோங் கழிமுகத்தில் 2006-இல் நடந்தது இன்னும் பெரியது. புல்தன்மைக் குட்டை வைரஸும் கிழிந்த இலைக் குட்டை வைரஸும் கூட்டாகத் தாக்கின. 485,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட வயல்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன; 828,000 டன் நெல் போயிற்று. அந்தப் பரப்பு சிங்கப்பூரின் மொத்த நிலப்பரப்பைவிட ஆறு மடங்குக்கும் மேல். ஆண்டுக்கு மூன்று போகம், ஊருக்கு ஊர் வெவ்வேறு நாளில் விதைப்பு, எந்த நேரமும் எங்கோ ஓர் இளம்பயிர். பூச்சிக்கும் வைரஸுக்கும் அதைவிட நல்ல நாடு வேறில்லை. அவர்கள் கண்ட வழி மருந்து அல்ல, நாள்காட்டி. மாவட்டந்தோறும் விளக்குப்பொறிகளை வைத்து ஒவ்வோர் இரவும் எத்தனை புகையான் வந்து விழுகிறது என்று கணக்கெடுத்தார்கள். வரவு உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியதும், சுற்றுவட்டாரம் முழுவதும் சில நாட்களுக்குள் ஒன்றாக விதைத்தார்கள். அடுத்த அலை வருவதற்குள் பயிர் வளர்ந்து தாங்கும் நிலைக்கு வந்துவிடும். மலேசியாவில் கெடாவின் மூடா பாசனப் பகுதியிலும் 1980-களின் துங்ரோவுக்குப் பிறகு ஒரே கால நடவு முக்கியமான காப்பாக இருந்தது.

காவிரிப் படுகையில் இது ஏன் கடினம் என்பது மாமா சொல்லித்தான் எனக்கு உறைத்தது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட வேண்டும். எல்லா ஆண்டும் அப்படி நடப்பதில்லை. ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர் ஆற்று நீருக்குக் காத்திருக்காமல் நாற்று விட்டுவிடுவார். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் நாளாகும். முன்னால் நட்டவர் வயலில் வளர்ந்த பூச்சி, பின்னால் நட்டவரின் இளம்பயிரில் வந்து இறங்கும். நோயின் முழு அடியும் கடைமடைக்காரர் மேல்தான் விழும். தண்ணீரில் ஏழை பணக்காரர் வேற்றுமை இருக்கும்வரை வைரஸிலும் அது இருக்கும். "தேர் இழுக்க ஊர் கூடுகிறது, நாற்று விட ஊர் கூட மறுக்கிறது" என்றார் மாமா.

வரப்பைத் தாண்டுவது மட்டுமா, இந்தப் பூச்சிகள் கடலையே தாண்டுகின்றன. புகையானில் குட்டை இறகு உள்ளதும் நீண்ட இறகு உள்ளதும் உண்டு. பயிர் முற்றி, கூட்டம் நெருக்கினால் நீண்ட இறகோடு பிறக்கும் பூச்சிகள் கூடும். அவை காற்றில் ஏறி வட வியட்னாமிலிருந்து தென் சீனாவுக்கும், அங்கிருந்து ஜப்பானுக்கும் போகின்றன. 1967-இல் ஜப்பானிய வானிலைக் கப்பல் ஒன்று நடுக்கடலில், கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில், தத்துப்பூச்சிக் கூட்டத்தையே கண்டது. அதுவரை குளிர்காலத்தை ஜப்பானிலேயே எங்கோ ஒளிந்து கழிக்கின்றன என்று பலர் நினைத்திருந்தார்கள்.

2001-இல் சீனாவின் குவாங்டொங்கில் முதலில் தென்பட்ட தென்பகுதிக் கருங்கோட்டுக் குட்டை வைரஸும் இப்படித்தான் வெண்முதுகுத் தத்துப்பூச்சியோடு பயணம் செய்தது. 2009, 2010 ஆண்டுகளில் சீனாவிலும் வியட்னாமிலும் பெரும் சேதம். 2022-இல் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் திடீரெனக் குட்டையானதற்கும் அதுவே காரணம். சீக்கிரம் நட்ட வயல்களே அதிகம் அடிபட்டன. இந்த வைரஸ் பூச்சியின் விருப்பத்தையே மாற்றுகிறது என்று 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வைரஸ் ஏறாத பூச்சி நோயுற்ற பயிரை நாடிப் போகிறது. வைரஸ் ஏறிய பூச்சி நலமான பயிரை நாடிப் போகிறது. வைரஸுக்கு இரண்டுமே லாபம். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிலிப்பீன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் புல்தன்மைக் குட்டை நோயைத் தாங்கும் நெல்லைத் தேடி 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. தேறியது ஒன்றே ஒன்று: உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல். அதன் மரபணுவைச் சேர்த்து குர்தேவ் குஷ் தலைமையில் உருவான ஐ.ஆர். 36, 1976-இல் வெளிவந்தது. 1980-களில் அது 1.1 கோடி ஹெக்டேரில் விளைந்தது. ஆனால் பூச்சியை எதிர்க்கும் ரகங்களைப் பூச்சி சில ஆண்டுகளில் வென்றுவிடுவதும் உண்டு. 1973-இல் வந்த ஐ.ஆர். 26-க்கு அப்படித்தான் நேர்ந்தது. அந்தக் காட்டு நெல்லை யாரோ குனிந்து சேகரித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூரில் நாம் உண்ணும் அரிசி முழுவதும் இறக்குமதி. தேக்காவில் பொன்னியும் பாஸ்மதியும் தாய்லாந்து மல்லிகை அரிசியும் வியட்னாம் அரிசியும் அடுக்கடுக்காக இருக்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வராது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது நினைவுக்கு வந்தது. முந்தைய ஆண்டு நம் இறக்குமதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவிலிருந்துதான் வந்திருந்தது. நமக்கு விலக்கு கிடைத்தது. கையிருப்புத் திட்டமும் இருக்கிறது. அந்தத் தடைக்கும் வைரஸுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் 2006-இல் புகையான் பெருகியபோது வியட்னாமும் புதிய ஏற்றுமதி ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தது. பூச்சி இறங்கிய வயல் எங்கிருந்தாலும் அதன் விலை நம் மளிகைக் கடை வரை வந்து சேரும்.

நாம் வெறும் நுகர்வோராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. இங்குள்ள தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகம் நெல் ரகத்தையே உருவாக்கியிருக்கிறது. இன்னும் நெருக்கமான தொடர்பு வொல்பாக்கியா என்ற பாக்டீரியா. 2020-இல் டெங்கி இங்கே 35,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது நினைவிருக்கும். 2016 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியம் வொல்பாக்கியா உள்ள ஆண் கொசுக்களைக் குடியிருப்புகளில் விடுகிறது. அவற்றோடு கூடும் பெண் கொசுவின் முட்டை பொரிப்பதில்லை. அதே 2020-இல் சீன ஆய்வாளர்கள், சிறு பழுப்புத் தத்துப்பூச்சியில் இயல்பாக இருக்கும் ஒரு வொல்பாக்கியாவைப் புகையானுக்குள் செலுத்தி நிலைக்க வைத்தார்கள். அந்தப் புகையானில் கிழிந்த இலைக் குட்டை வைரஸ் குறைந்தது. பயிருக்குப் பரவுவதும் குறைந்தது. இங்கே கொசுவின் எண்ணிக்கையைக் குறைக்கிறோம். அங்கே பூச்சியை விட்டுவைத்து, வைரஸ் சுமக்கும் அதன் ஆற்றலைக் குறைக்கிறார்கள். சிலந்திக்கும் இரை இருக்கும், பயிருக்கும் நோய் குறையும். ஆய்வகக் கூண்டிலிருந்து வயலுக்கு வர இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. கொசுவை வளர்த்து, ஆணையும் பெண்ணையும் பிரித்து, வீடு வீடாக மக்களுக்கு விளக்கிச் சொல்லிய அனுபவம் நம்மிடம் இருக்கிறது. அது நெல் விளையும் அண்டை நாடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஊரில் வயல் வைத்திருக்கும் உறவினர் உங்களுக்கும் இருந்தால், இந்தச் சம்பாவுக்கு முன் சிலவற்றை எடுத்துச் சொல்லுங்கள். எட்டடிக்கு ஒருமுறை ஓரடி இடைவெளி (பட்டம்) விட்டு நடட்டும். காற்றும் வெளிச்சமும் தூரடிக்குப் போனால் புகையானுக்குப் பிடிக்காது. தழைச்சத்து உரத்தை ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். புகையான் தெரிந்தால் முதலில் தண்ணீரை வடித்துப் பார்க்கட்டும். துங்ரோ என்று ஐயம் வந்தால், விடியற்காலையில் இலை நுனியை வெட்டி அயோடின் கரைசலில் கால் மணி நேரம் வைத்தால் போதும். மாவுச்சத்து தேங்கிய நோய் இலையில் கருநீலக் கோடுகள் தெரியும்.

மாமா இம்முறை ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்களைக் கூட்டி, ஒரே வாரத்துக்குள் எல்லாரும் நாற்று விடலாமா என்று பேசியிருக்கிறார். பெரும்பாலோர் தலையாட்டியிருக்கிறார்கள். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கும் இருவர் இன்னும் பிடிகொடுக்கவில்லை. அவர்களில் ஒருவர் எங்களுக்குச் சம்பந்தி முறை. அம்மாவை விட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன்.